பிரித்தானியாவில வீதி யார்ட கையில? வாகன வரி கட்டியும் ஏன் குழி? எங்கட கரைக்கு இதில எது பொருந்தும்?

தாண்டவன்வெளியான்

வணக்கம். எங்கட வாசகர் வட்டத்தில வாற மாசம் ஒரு விவாதம் வச்சிருக்கம்: வீதியையும் பஸ்ஸையும் தனியாரிட்டக் குடுக்கிறதா, அரசே வச்சிருக்கிறதா எண்டு. வேடிக்கை என்னெண்டா ரெண்டு பக்கமும் பிரித்தானியாவைத்தான் சாட்சிக்கு இழுக்குது. ஒரு ஆள் சொல்றார், அங்க எல்லாம் கம்பனிதான், அதாலதான் றோட்டு நேர்த்தி எண்டு. மற்ற ஆள் அங்கயிருந்து வந்த குழிப் படங்களக் காட்டி, தனியாருக்குக் குடுத்ததாலதான் இந்தக் கதி எண்டுறார்.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. அங்க வீதி உண்மையில யாருடையது? வாகனக்காரர் கட்டுற வரி வீதிக்குத்தான் போகுதா? பனி நாட்டுக் குழிக்கும் எங்கட மட்டக்களப்பு–கல்முனைக் கரையால போற ஏ4 வீதியில விழுற குழிக்கும் காரணம் ஒண்டா? தனியாருக்குக் குடுத்த இடங்களில என்ன நடந்தது? கட்சி அரசியல் வேணாம், கணக்கும் வேலை முறையும்தான் வேணும்.

மதகடி

ரெண்டு பேரும் பாதிதான் சரி தம்பி. எந்த வீதி யாருடையது எண்டு பிரிக்காமக் கதைச்சா முடிவே வராது.

இங்கிலாந்தில மோட்டார்வேயும் பெரிய ஏ வீதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 4,300 மைல். அதைப் பாக்கிறது நாஷனல் ஹைவேஸ். சட்டப்படி அது ஒரு கம்பனிதான், ஆனா பங்கு முழுக்க அரசாங்கத்திட்ட. 2015 ஏப்ரலில ஹைவேஸ் இங்கிலாந்து எண்டு தொடங்கினது, 2021ல பெயர் மாறினது. "எல்லாம் கம்பனி" எண்ட கதை இதிலயிருந்துதான் வந்திருக்கும். நீளத்தில அந்த வீதிகள் மொத்தத்தில 2 சதவீதமளவுதான், ஆனா ஓட்டத்தில மூண்டில ஒரு பங்கு அதிலதான். மிச்ச 98 சதவீதமும் உள்ளூராட்சி சபைகளிட்ட. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நிர்வாகம் வேற. படத்தில வாற குழி அநேகமா சபை வீதிக் குழி. இங்கயும் அதே அடுக்குத்தான்: ஏ, பி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, மிச்சம் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. கல்லடியால போற ஏ4 ஒரு கணக்கு, அதிலயிருந்து கடற்கரைக்கு இறங்கிற குறுக்கு வீதி வேற கணக்கு. முறைப்பாடு எழுத முதல் இதப் பாருங்க. பிழையான கந்தோருக்கு எழுதின கடிதம்தான் இந்த நாட்டில அதிகம்.

வரிக் கதை. 1920ல பிரித்தானியாவில வீதி நிதியம் எண்டு ஒண்டு தொடங்கி, வாகன வரிய அதுக்குள்ள போட்டாங்க. சேர்ச்சில் நிதி அமைச்சரா இருந்த காலத்திலயே அதுக்குள்ள கை வைக்கத் தொடங்கி, 1937ல இருந்து வரி நேர திறைசேரிக்குப் போகுது. 2015ல அப்ப நிதி அமைச்சரா இருந்த ஜோர்ஜ் ஒஸ்போர்ன் இங்கிலாந்து வாகன வரியத் திரும்ப வீதிக்கே கட்டி வைக்கிறன் எண்டு அறிவிச்சார். அந்தத் தேசிய வீதி நிதியத்துக்கு 2020 முதல் 2025 வரைக்குமெண்டு ஒதுக்கினது 28.8 பில்லியன் பவுண். அதில 25.3 பில்லியன் அந்த 2 சதவீதப் பெரிய வீதிக்கு. வீட்டு வாசலில குழி இருக்கிறவனுக்கு அதில ஒண்டும் பெரிசா வராது.

எரிபொருள் தீர்வை இதவிடப் பெரிய வருமானம். 2011ல இருந்து லீற்றருக்கு 57.95 பென்ஸ் எண்டு அசையாம நிண்டது, 2022 மார்ச்சில 5 பென்ஸ் குறைச்சு 52.95. அதுக்கு மேல 20 சதவீத பெறுமதி சேர் வரி. இதுவும் பொதுக் கணக்குக்குத்தான். மின்சாரக் கார் கூடக் கூட இந்தக் காசு கரையும் எண்டதால 2025 ஏப்ரலில இருந்து மின்சாரக் காருக்கும் வருடாந்த வரி, 2028 ஏப்ரலில இருந்து மைலுக்கு 3 பென்ஸ் எண்டும் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில சொல்லியிருக்கு.

சபைகளுக்குக் காசு எப்பிடி வருது எண்டதுதான் என்ர கணிப்பில முழுப் பிரச்சினையும். மத்தியிலயிருந்து வருசா வருசம் ஒரு கட்டு வரும், இடையில தேர்தலோ செய்தியோ சூடாகினா இன்னொரு கட்டு. 2023 ஒக்டோபரில எச்எஸ்2 ரயில் பாதையின்ர வடக்குப் பகுதிய நிப்பாட்டி, அதில 8.3 பில்லியன 11 வருசத்துக்கு உள்ளூர் வீதிக்கு எண்டு அறிவிச்சாங்க. அடுத்த அரசாங்கம் வந்து 2025–26க்கு ஏறத்தாழ 1.6 பில்லியன் ஒதுக்கி, அதில புதுசாக் கூட்டின 500 மில்லியனில கால்வாசிய, சபைகள் என்ன வேலை செய்தது எண்டு அறிக்கை போட்டாத்தான் விடுவம் எண்டது. வீதிக்குத் தேவை பத்து வருசத் திட்டம். கையில கிடைக்கிறது பன்னிரண்டு மாசக் காசு. மாச்சுக்குள்ள செலவழிக்காட்டித் திரும்பிப் போயிடும் எண்டு குளிரிலயும் மழையிலயும் தார் போடுற கூத்து அங்கயும் உண்டு.

நிலுவை வேலை எவ்வளவு? அஸ்ஃபால்ட் தொழில் கூட்டமைப்பின்ர 2025 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூர் வீதிகளச் சீராக்க 16.81 பில்லியன் பவுண். ஒரு வீதிக்கு மேற்பரப்பு புதுசாப் போடுற முறை சராசரியா 93 வருசத்துக்கு ஒருக்கா வருதாம். தார் விக்கிறவங்கட சங்கம் போட்ட கணக்கு எண்டதையும் சேர்த்தே சொல்லுங்க. ஆனா சபைப் பொறியியலாளர்களிட்டக் கேட்டுத்தான் எடுத்தது.

கல்முனைக் காக்கா

குழியப் பத்தி நான் சொல்றன். தார் வீதிக்கு முதல் எதிரி தண்ணி, ரெண்டாவது பாரம், மூணாவது வெயில். வெயிலில தார் வறண்டு விறைச்சு மயிர்வெடிப்பு விழும். அதால இறங்கிற தண்ணி கீழ இருக்கிற கல் படுக்கைய ஊற வைக்கும். மேல லொறிச் சில்லு ஏறக்குள்ள அந்தத் தண்ணி அமுக்கத்தில வெளிய பீச்சும், நுண்துகளையும் கூட்டிக்கொண்டு வரும். வெடிப்பச் சுத்திச் சாம்பல் நிறத்தில சேறு காஞ்சு கிடந்தா அடியில வெறுமை விழத் தொடங்கிற்று. குழி இன்னும் தெரியாது, ஆனா அப்பத்தான் மருந்து போடணும்.

பிரித்தானியாவில இதுக்கு மேல உறைவும் இருக்கு. தண்ணி உறைஞ்சா 9 சதவீதமளவு விரியும். நிரந்தரமா உறைஞ்சு கிடக்கிற நாட்டவிட, இரவு உறைஞ்சு பகல் உருகிற நாட்டுக்குத்தான் சேதம் கூட. அதாலதான் ஜனவரி, பெப்ரவரியில அங்க குழி குவியுது. அதோட தோண்டல். தண்ணி, காஸ், இணையக் கேபிள் எண்டு எல்லாக் கம்பனியும் வெட்டும். 1991ம் ஆண்டுச் சட்டப்படி வெட்டினவன்தான் மூடணும். தற்காலிகமா மூடினா 6 மாசத்துக்குள்ள நிரந்தரமா மூடணும், அதுக்குப் பிறகு 2 வருச உத்தரவாதம், ஒண்டரை மீற்றருக்கு மேல ஆழமான வெட்டுக்கு 3 வருசம். காகிதத்தில அழகான சட்டம். ஆனா வெட்டின ஓரத்தின்ர மூட்டு எப்பவும் பலவீனம்தான், உத்தரவாதம் முடிஞ்ச பிறகுதான் வாயத் திறக்கும்.

குழி அடைக்கிற முறை அங்கயும் இங்கயும் ஒண்டுதான். பழுதான இடத்தத் தாண்டி உறுதியான பகுதிக்குள்ள ஒரு 5, 7 சென்ரிமீற்றர் போய்ச் சதுரமா வெட்டணும். வெட்டு முகம் செங்குத்தா நிக்கணும், சாய்வா விட்டா ஓரத்தில மெல்லிசாகிக் கிளம்பும். அடியில ஊறின கல்ல அள்ளி எறிஞ்சு புது ஏபிசி (அடிப் படுக்கைக்குப் போடுற உடைச்ச கல் கலவை) போட்டு இறுக்கணும். தூசியும் ஈரமும் போகத் துடைச்சு, அடிக்கும் நாலு பக்கச் சுவருக்கும் தார்க் குழம்பு பூசணும், சதுர மீற்றருக்கு அரை லீற்றர் கிட்ட. பழுப்பு நிறம் மாறிக் கறுத்த பிறகுதான் கலவை கொட்டணும். அவசரத்தில பழுப்பாவே கொட்டினா உள்ள தண்ணிய அடைச்சு வச்ச மாதிரி. கலவை வந்து இறங்கக்குள்ள 130 பாகைக்கு மேல, றோலர் வேலை முடியக்குள்ள 85, 90க்குக் கீழ போகப்படாது. ஒரு தட்டு 7 சென்ரிமீற்றருக்கு மேல போட்டா அடி இறுகாது. கொட்டக்குள்ள நாலில ஒரு பங்கு உயர்த்திக் கொட்டி, ஓரத்திலயிருந்து நடுவுக்கு இறுக்கி, கடைசியில மூட்டு நீளத்துக்கும் சூட்டுத் தார் பூசி மணல் தூவினா முடிஞ்சுது.

இதில பாதியை விட்டுட்டு லொறியிலயிருந்து சவலால எறிஞ்சு சில்லால நசுக்கிட்டுப் போற வேலை ரெண்டு நாட்டிலயும் நடக்குது. தண்ணி நிக்கிற குழிக்குள்ளேயே போடுவாங்க. அடுத்த மழையில முழுத் துண்டா வெளிய வரும். பிறகு தார் சரியில்லை எண்டு தாருக்குத்தான் பழி.

எங்கட கரைக்கு வாறன். பனி இல்லை, ஆனா மார்கழி மழையில நிலத்தடி நீர் கையால தொடுற மட்டத்துக்கு வரும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனைப் பக்கம் மணல். பக்கம் அடைபட்டு இருந்தா மணல் நல்ல அடித்தளம், ஓரம் அரிச்சா ஓடிடும். சம்மாந்துறை, நிந்தவூர் வயல் பக்கமும் வாவிக்கு மேற்கே படுவான்கரையும் களி. காஞ்சா கல்லு, நனைஞ்சாக் கூழ். களியில கல் படுக்கையின்ர அடி வெள்ள மட்டத்துக்கு மேல அரை மீற்றராவது நிக்காட்டி மேல என்ன தார்க் காபெட் போட்டும் காசுக்குக் கேடு.

வீதியோரப் புல்லையும் பாருங்க. வருசா வருசம் மண் சேர்ந்து புல் மேடாகிடும், வீதித் தண்ணி வடிய வழி இருக்காது. 6 மீற்றர் அகல வீதியில நடு, ஓரத்தவிட 75 மில்லிமீற்றர் உயர்ந்து நிக்கணும், அதாவது நூத்துக்கு ரெண்டரைச் சாய்வு. ஒரு நூலும் அடிமட்டமும் போதும், யாரும் அளக்கலாம். புல் மேட்ட வழிச்சு எறியிறதும் மதகு வாயத் துப்பரவாக்கிறதும் ஆவணி, புரட்டாசியில முடிஞ்சிருக்கணும். ஐப்பசி மழை இறங்கின பிறகு வாற கூலியாட்கள் தண்ணியத்தான் கிளறலாம்.

டிப்பர்க்காரன் அக்கரைப்பற்று

காக்கா, பாரம் எண்டு சொல்லிட்டு மெதுவா எங்கட பக்கம் வாறீங்க போல. வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறம், டீசலுக்கு வரி, ரயருக்கு வரி. றோட்டு பழுதாகினா முதல் நட்டம் எங்கட ஸ்பிரிங் தகட்டுக்குத்தான். டோல் (வீதியில ஓடுறதுக்குக் கட்டணம்) வைக்கிறதெண்டா காருக்கும் டிப்பருக்கும் ஒரே காசு வைங்க, அதுதான் நியாயம்.

கல்முனைக் காக்கா

கோவிக்காதிங்க தம்பி, கணக்கு அப்பிடி. 1958 முதல் 1960 வரைக்கும் அமெரிக்காவில இலினோய் மாநிலத்தில சோதனை வீதி போட்டு லொறி ஓட்டி எடுத்த முடிவு: சேதம் அச்சுப் பாரத்தின்ர நாலாம் அடுக்கில ஏறும். ஒரு தொன் அச்சோட ஒப்பிட்டா 10 தொன் அச்சு செய்யிற சேதம் பத்து மடங்கில்லை, பத்தாயிரம் மடங்கு. அந்த நாலு எண்ட எண் வீதிக்கு வீதி கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. அனுமதிச்ச பாரத்துக்கு மேல 20 சதவீதம் கூட ஏத்தினா 1.2 இன் நாலாம் அடுக்கு, 2.07. அஞ்சில ஒரு பங்கு மணல் கூட ஏத்தி ரெண்டு மடங்கு வீதியத் திண்டாச்சு. ஒரே காசு வச்சா மோட்டார் சைக்கிள்காரன் உங்களுக்குச் சம்பளம் குடுக்கிற மாதிரி.

அச்சக் கூட்டினா பாரம் பிரியும். ரெண்டச்சு வண்டியில ஏத்திறதையே மூண்டச்சில ஏத்தினா வீதிக்குப் பெரிய ஆறுதல். தண்டப்பணத்தவிட எடை பாக்கிற தட்டு கிறவல் குழி வாசலில இருக்கிறதுதான் பலன்.

மதகடி

டிப்பர்க்காரர் சொன்னதில ஒரு நியாயமும் இருக்கு: இங்க வருமான அனுமதிப்பத்திரக் காசு மாகாண சபைக்குப் போகுது, ஆனா அவர் ஓடுற ஏ4 அதிகார சபையின்ரது. கட்டுற இடமும் உடைக்கிற இடமும் வேற.

டோல் கதைக்கு எம்6 டோலப் பாருங்க. பேர்மிங்ஹாமுக்கு வடக்கால 27 மைல், 2003 டிசம்பரில திறந்தது, தனியார் காசில கட்டினது, 2054 வரைக்கும் உரிமை. கட்டணத்த நிர்ணயிக்கிறது கம்பனியே. அரசாங்கம் ஓட்டத்துக்கு உத்தரவாதம் குடுக்கேல்ல, அதால குறைஞ்ச ஓட்டத்தின்ர நட்டம் முதல் போட்டவன்ர தலையில. அது நல்ல பக்கம். கெட்ட பக்கம், காசு குடுக்க மனமில்லாத பார லொறி பக்கத்தில இருக்கிற பழைய எம்6லயே நிண்டுட்டு. காக்கா சொன்ன நாலாம் அடுக்கு இலவச வீதியில, கார் சுகமா டோல் வீதியில.

ஆனா அங்க மாற்று வழி இருந்தது. மாற்று வழி இல்லாத இடத்தில டோல் வச்சா என்ன நடக்கும் எண்டதுக்கு ஸ்கை தீவுப் பாலம். 1995ல தனியார் முதலீட்டில திறந்தாங்க, படகுச் சேவை நிண்டுது, பாலத்துக்கு டோல். சனம் கட்ட மாட்டம் எண்டு நீதிமன்றம் வரைக்கும் போய், 2004 டிசம்பரில ஸ்கொட்லாந்து அரசு ஏறத்தாழ 27 மில்லியன் பவுண் குடுத்து உரிமைய வாங்கி டோல எடுத்துட்டு. எங்கட மண்முனையில படகுப் பாதை ஓடின இடத்தில 2014ல பாலம் வந்தது, கல்லடிப் பாலம் 2013ல. ரெண்டும் ஜப்பான் உதவி, டோல் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில ஒத்த வீதி ஓடுற ஊரில டோல் எண்டா அது வீட்டு வாசலில வாங்கிற காசுதான். படுவான்கரையிலயிருந்து ஆஸ்பத்திரிக்கு வாறவனுக்கு வேற வழி எது?

டார்ட்ஃபர்ட் பாலம் இன்னொரு பாடம். தனியார் கட்டி 1991ல திறந்தது, போட்ட காசு வசூலாகி 2003ல உரிமை முடிஞ்சுது. டோல் முடிஞ்சுதா? இல்லை. நெரிசல் கட்டணம் எண்டு அரசாங்கமே தொடர்ந்து எடுக்குது. செவேர்ன் பாலங்களில 2018 டிசம்பரில உண்மையாவே நிப்பாட்டினாங்க.

தாண்டவன்வெளியான்

நன்றி மதகடி அண்ணன், காக்கா. டோல விடுங்க, எங்கட விவாதத்தில வாற யோசனை வேற: பிரதேச சபை வீதி முழுக்கப் பராமரிக்கிற பொறுப்ப 15, 20 வருசத்துக்கு ஒரு கம்பனிக்குக் குடுக்கிறது. அது அங்க நடந்ததா? பஸ்ஸப் பத்தியும் ஒருத்தரும் சொல்லேல்ல.

பஸ் நிலையம்

பஸ் நான் சொல்றன்.

1985ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் 1986 ஒக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளிய பஸ்ஸத் திறந்து விட்டது. யாரும் பாதையப் பதிவு செய்து முன்னறிவித்தல் குடுத்திட்டு ஓடலாம், கட்டணமும் அவங்கட இஷ்டம். லாபமில்லாத பாதைக்குச் சபை கேள்விப்பத்திரம் (ரெண்டர்) கோரி மானியம் குடுக்கும். லண்டனில மட்டும் இப்பிடி இல்லை: பாதை, நேரம், கட்டணம் எல்லாம் நகர நிர்வாகம் தீர்மானிக்கும், கம்பனி கேள்விப்பத்திரத்தில விலை போட்டு ஓடும், ஓடின மைலுக்குக் காசு, பிந்தினாக் கழிப்பு. அதாவது லண்டனிலயும் பஸ் தனியார்தான். வித்தியாசம், கட்டணக் காசு நகர நிர்வாகத்துக்குப் போறதால சாரதிக்கு அடுத்த பஸ்ஸோட ஓடிப் பிடிக்கிற தேவை இல்லை. அடுத்த பத்து, இருபது வருசத்தில லண்டனில பயணிகள் கூடினது, வெளிய குறைஞ்சது. லண்டனில கார் வச்சிருக்கிறது கஷ்டம் எண்ட காரணமும் அதில இருக்கு, அத மறைக்கப்படாது.

வெளிய நடந்த போட்டிக்கு 1994 டார்லிங்டன் போதும். நகர சபையின்ர பஸ் கம்பனிய விக்கப் போறாங்க எண்ட நேரத்தில ஸ்டேஜ்கோச் எண்ட தனியார் பஸ் கம்பனி வந்து இலவசமா பஸ் விட்டு, சாரதிகளையும் இழுத்து எடுத்தது. சபைக் கம்பனி மூடப்பட்டது. ஏகபோகங்கள், இணைப்புகள் ஆணைக்குழு விசாரிச்சுக் கடுமையாக் கண்டிச்சது, ஆனா செத்த கம்பனி எழும்பேல்ல. போட்டிக்கு எண்டு திறந்த சந்தை கடைசியில ஒரு ஊருக்கு ஒரு முதலாளி எண்டு முடிஞ்சுது.

இப்ப மஞ்செஸ்டர் லண்டன் முறைக்குத் திரும்பியிருக்கு. 2017 சட்டத்தின் கீழ அண்டி பேர்ணம் மேயரா இருக்கக்குள்ள 2023 செப்டம்பர் 24ல தொடங்கி 2025 ஜனவரி 5ல முழுப் பிரதேசமும். பஸ் ஓட்டுறது கம்பனிதான், மஞ்சள் நிறமும் ரிக்கெற்றும் கால அட்டவணையும் நகரத்தின்ரது. டிப்போக்கள நகரமே வாங்கினது முக்கியம். டிப்போ பழைய முதலாளியிட்ட இருந்தாப் புதுசா ஒருத்தன் கேள்விக்கு வர மாட்டான்.

இங்க வரலாறு தலைகீழ். 1958 ஜனவரி 1ல எல்லாத்தையும் இலங்கை போக்குவரத்துச் சபையாக்கினது, 1978ல பிராந்தியமாப் பிரிச்சது, 1979ல தனியாருக்குத் திறந்தது, 2005 சட்டத்தால திரும்ப ஒரே சபை. பிரித்தானியா திறந்து விட்டதுக்கு ஏழு வருசம் முந்தி நாங்க திறந்துட்டம்! அனுமதிப்பத்திரம் ஒரு பஸ்ஸுக்கு ஒண்டு எண்டு ஆயிரக்கணக்கான தனி முதலாளிகளுக்குக் குடுத்ததாலதான் தரிப்பிடத்தில கால் மணித்தியாலம் நிக்கிறதும் பிறகு பறக்கிறதும். கல்முனை–மட்டக்களப்புப் பாதையில இ.போ.சவும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில ஓடினாலும் வசூல் தனித்தனியா இருக்கும் வரைக்கும் இது மாறாது. மாத்த வேண்டியது பஸ்ஸின்ர சொந்தக்காரன இல்லை, வசூல் யார்ட பையுக்குப் போகுது எண்டத. இதுக்கு எங்கட நாட்டிலயே விதை இருக்கு: தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின்ர சிசு செரிய, கெமி செரிய. ஆள் குறைஞ்ச கிராமப் பாதைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மானியம் குடுத்து ஓட விடுற முறை.

மதகடி

நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தம் நடந்தது, நல்லா அடிபட்டும் இருக்கு. பேர்மிங்ஹாம் மாநகர சபை 2010ல அமேய் கம்பனியோட 25 வருசத்துக்கு 2.7 பில்லியன் பவுண் ஒப்பந்தம் போட்டது. பிஎஃப்ஐ (தனியார் நிதி) முறை: முதல் அஞ்சு வருசத்தில கம்பனி கடன் எடுத்து வீதி, விளக்கு எல்லாத்தையும் ஒரு தரத்துக்குக் கொண்டு வரணும், பிறகு அந்தத் தரத்திலேயே வச்சிருக்கணும். சபை மாசம் மாசம் குடுக்கும், தரம் குறைஞ்சாக் கழிக்கும். கேக்க இனிப்பா இருக்கு.

உடைஞ்ச இடம் வீதிப் பதிவேடு. எந்த வீதி, என்ன அளவு, என்ன நிலை எண்டு ஒரு தரவுத்தொகுதிய ஒப்பந்தத்தோட இணைச்சிருந்தாங்க. அதில உள்ளதும் நிலத்தில உள்ளதும் ஒத்துப் போகேல்ல. கம்பனி தரவுப்படிதான் செய்வன் எண்டது, சபை உண்மையில பழுதான வீதிய எல்லாம் செய் எண்டது. 2018ல மேன்முறையீட்டு நீதிமன்றம் சபை பக்கம் தீர்ப்புச் சொல்லி, 2019ல அமேய் 215 மில்லியன் பவுண் கட்டிட்டு ஒப்பந்தத்தில இருந்து வெளியேறிட்டு. ஷெஃபீல்டிலயும் 2012ல அதே கம்பனியோட 25 வருச ஒப்பந்தம். அங்க வீதியோர மரங்கள் நடைபாதையக் கிளப்புது எண்டு நல்ல மரங்களையும் வெட்டப் போக, சனம் மரத்துக்குக் கீழ நிண்டு மறிச்சது. 25 வருசத்துக்கு எழுதி வச்ச வேலைய இடையில ஊர் விருப்பத்துக்கு மாத்தப் போனாக் காசு.

ரயில்வேயும் இதே பாடம்தான். 1993 சட்டத்தால தண்டவாளத்த ரெயில்ட்ராக் கம்பனிக்குக் குடுத்தாங்க. பராமரிப்பத் துணைக் கொந்தராத்துக்கு விட்ட கம்பனிக்குத் தன்ர தண்டவாளத்தின்ர நிலையே சரியாத் தெரியாமப் போயிட்டு. 2000 ஒக்டோபர் 17ல ஹட்ஃபீல்டில வெடிச்ச தண்டவாளத்தில ரயில் தடம்புரண்டு 4 பேர் செத்தாங்க. அடுத்த வருசம் கம்பனி முறிஞ்சு, 2002ல நெட்வேர்க் ரெயில் பொறுப்பெடுத்தது.

அதால எங்கட பிரதேச சபை ஒரு கம்பனிக்கு 15 வருசம் குடுக்க யோசிச்சா, விலைக்கு முதல் கேக்க வேண்டியது: வீதிப் பட்டியல் இருக்கா? ஒவ்வொரு வீதிக்கும் நீளம், அகலம், மேற்பரப்பு வகை, மதகு எண்ணிக்கை, இண்டைய நிலை. யாரும் நடந்து அளந்து போட்டதா, பழைய பட்டியலப் பிரதி பண்ணினதா? பட்டியல் இல்லாமக் கையெழுத்து வச்சா வழக்கறிஞருக்குத்தான் கொண்டாட்டம். அடுத்தது, சபையில அளக்கத் தெரிஞ்ச ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தராவது மிஞ்சணும். வேலையோட சேர்த்து அறிவையும் கம்பனிக்கு அனுப்பிற்றா, கழிப்புக்கு எண்டு எழுதின பக்கத்த யார் வாசிக்கிறது?

ஒரு சின்ன வேடிக்கை. எங்கட அதிகார சபையின்ர வீதி வடிவமைப்பு வழிகாட்டி, பிரித்தானிய வீதி ஆய்வுகூடம் வெப்ப நாடுகளுக்கெண்டு எழுதின 31ம் இலக்கக் குறிப்ப அடிப்படையா வச்சதுதான். அந்த ஆய்வுகூடத்தையே 1996ல தனியார்மயப்படுத்திட்டாங்க.

தாண்டவன்வெளியான்

இன்னும் ஒண்டு மட்டும். அங்க குழியில விழுந்து ரயர் வெடிச்சா சபை நட்டஈடு குடுக்கும் எண்டு சொல்றாங்களே, உண்மையா? இங்க எங்கட குறுக்கு வீதிகள் கிராம அபிவிருத்திச் சங்கம் போடுற கொங்கிறீட்தான். அதில நாங்க எதப் பாக்கிற?

மதகடி

எல்லா நேரமும் குடுக்காது. 1980ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில 41ம் பிரிவு பராமரிக்கிற கடமைய சபைக்குப் போடுது, 58ம் பிரிவு தப்பிற வழிய வைக்குது: நியாயமான இடைவெளியில போய்ப் பாத்தம், அப்ப குழி இல்லை எண்டு பதிவேட்டக் காட்டினா நட்டஈடு இல்லை. அதாலதான் அங்க சபைகள் ஆழ வரம்பு வச்சிருக்கு, பொதுவா வாகன வீதியில 40 மில்லிமீற்றர். 38 எண்டாப் பாத்திட்டுப் போவாங்க. குழிக்குள்ள அடிமட்டம் வச்சுப் படம் எடுத்து, திகதியோட முதலே அறிவிச்சிருந்தா 58ம் பிரிவு சபைக்கு உதவிறது கஷ்டம். அறிவிப்பின்ர பலன் அதுதான்.

கல்முனைக் காக்கா

கொங்கிறீட் வீதிக்கு முதல் கன அளவு. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு எண்டா 45 கன மீற்றர். 1:1½:3 (சீமெந்து, மணல், கல்) கலவைக்குக் கன மீற்றருக்கு 50 கிலோப் பை 8 எண்டு வச்சா 360 பை சீமெந்து. வெறும் பையை எண்ணுங்க, வேற விஞ்ஞானம் வேணாம். ஓரத்தில 150 காட்டி நடுவில மணலக் குவிச்சு 100 ஆக்கிறது பழைய வித்தை, கொட்ட முதல் ரெண்டு பக்கப் பலகைக்கும் குறுக்கா நூல் பிடிச்சு நடுவில அளந்தாத் தெரியும்.

மணலுக்கு மேல பொலித்தீன் விரிக்காட்டி கொங்கிறீட்டின்ர தண்ணிய மணல் குடிச்சிடும், அடி கொறகொறத்துப் போகும். கலவை இறுகுது எண்டு பூவாளியால தண்ணி ஊத்தினா அந்தத் துண்டு ரெண்டு மழைக்குள்ள மாவாக் கிளம்பும். மூட்டு 4 மீற்றருக்கு ஒண்டு வெட்டணும், தடிப்பில மூண்டில ஒரு பங்கு ஆழம், கொட்டின அண்டு இரவு, பிந்தினா அடுத்த நாள் காலைக்குள்ள. நீங்க வெட்டாட்டிக் கொங்கிறீட் தானே வளைஞ்சு நெளிஞ்சு வெடிக்கும். எங்கட வெயிலில 7 நாளும் ஈரச் சாக்கோ மணல் வரம்பு கட்டித் தண்ணியோ நிக்கணும், காலையில ஒருக்கா ஊத்திட்டுப் போறது ஈரம் வைக்கிறது இல்லை. ரெண்டு ஓரமும் கிறவல் போட்டு கொங்கிறீட் மட்டத்துக்கு இறுக்கணும். இத விட்டா முதல் வெள்ளத்தில ஓர மணல் போய், உழவு இயந்திரச் சில்லு ஏறின உடன மூலை உடையும். நான் பாத்த அளவில எங்கட பக்கத்தில கெட்டுப் போற கொங்கிறீட் வீதி அநேகம் கலவையால இல்லை, இந்த ஓரத்தால.

காபெட் எண்டாலும் அதே மாதிரிக் கணக்குப் போடலாம்: 1 கிலோமீற்றர், 6 மீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் எண்டா 300 கன மீற்றர், இறுகின பிறகு 700 தொன் சொச்சம். 10 தொன் லொறியில 70 சுமை. வந்த சுமையின்ர துண்டுகளக் கூட்டிப் பாக்கலாம்.

மதிப்பீட்டுப் பிரதி தர மாட்டம் எண்டாத் தகவல் அறியும் சட்டம் இருக்கு, 2016ம் ஆண்டு 12ம் இலக்கம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். கேக்கக்குள்ள "வீதி விபரம்" எண்டு பொதுவாக் கேக்காதிங்க. விலைப்பட்டியல், அளவுப் புத்தகத்தின்ர பக்கங்கள், பிடிப்புப் பணம் (கொந்தராத்துக்காரனுக்குக் குடுக்காமச் சபை பிடிச்சு வைக்கிற பங்கு) எவ்வளவு, எந்தத் திகதியில விடுவிக்கிறது எண்டு தனித்தனியாக் கேளுங்க. பிடிப்புப் பணம் பொதுவா 5 சதவீதம், 12 மாசம். வேலை தை மாசம் முடிஞ்சா அடுத்த மாரி வந்து போற வரைக்கும் அது சபையின்ர கையில இருக்கும். ஐப்பசியில முடிச்சவனுக்கும் அடுத்த ஐப்பசியிலதான், ஆனா வெள்ளம் வடிஞ்ச உடன ஓர மண் போன இடத்தச் சபையக் கொண்டு அவனுக்கு எழுத்தில குடுக்க வையுங்க. மாசி, பங்குனியில ஒருக்காப் போய் நடந்து பாத்துக் குறைப்பட்டியல் எழுதாத சபைக்குப் பிடிப்புப் பணம் இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான்.